ஆளில்லாக் கலத்தின் தலைவர்

(நம் சங்கத்துத் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் எம் தொழிலுக்குச் சிறிது தூரமானது. நன்னூலும் நிகண்டும் கற்பிப்பவர் வானத்துக் கோள்களைப்பற்றி வாய் திறப்பது ஏன் என்று உங்களுட் சிலர் எண்ணுதல் கூடும். காரணம் இதுவே. சென்ற திங்கட்கூட்டம் கலைந்தபோது, நம்மவருள் ஒருவருடைய மகன், பன்னிரண்டு வயதினன், எம்மை அணுகி, “ஐயா, வானத்துக்கு அனுப்பும் கலத்தில் ஆளே இல்லையாம். அப்படியிருக்க, அதற்குத் தலைவர் என்று ஒருவர் எதற்கு? அவர் என்ன வேலை செய்வார்?” என்று வினவினான். உடனிருந்த அவன் தந்தையார், “பெரியவரிடம் வீண் கேள்வி கேளாதே” என்று அதட்டி அழைத்துச் சென்றுவிட்டார். அவர் இன்றும் இவ்வவையில் இருக்கின்றார். அவர்பால் எமக்கு மனத்தாங்கல் சிறிதும் இல்லை. ஆயினும் அக்கேள்வி வீணன்று. அவன் அங்கேயே நின்றிருந்தாலும் எம்மால் விடை கூற இயன்றிராது. மறுநாள் எம் பள்ளியின் பௌதிக ஆசிரியரிடம் சில நூல்களைப் பெற்று, அவர் துணைகொண்டே படித்தோம். படித்தவற்றுள் எம் மனத்தைப் பற்றிக்கொண்டது ஒருவருடைய வாழ்க்கை. அதனையே அச்சிறுவனுக்கு விடையாக ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எட்வர்டு ஸ்டோன் என்பார் 1936-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் அமெரிக்க நாட்டு அயோவா மாகாணத்தில் நாக்ஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். வளர்ந்தது மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள பர்லிங்டன் என்னும் ஊரில். தந்தையார் கட்டட வேலையில் ஈடுபட்டவர். பெருஞ்செல்வரோ கற்றோர் குடியோ அல்லர். மகனார் உள்ளூரிலிருந்த சிறு கல்லூரியிற் படித்துவிட்டு, அதன்பின் சிகாகோ பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயிலச் சென்றார். அங்கு அவர் மேற்படிப்பைத் தொடங்கிய காலத்திலேயே, 1957-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சோவியத்து நாட்டார் ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைக் கோளை வானிற் செலுத்தினர். எந்தத் தொழில் அவருக்கு வாழ்நாட்டொழிலாக அமைந்ததோ அது அவர் மாணவரான பின்னரே உலகில் தோன்றியது. நம் மக்களுக்கு இன்ன வேலை என்று பதினைந்து வயதிலேயே நாள் பார்த்து முடித்துவிடும் பெற்றோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

வானவெளியிலிருந்து இடையறாது வந்து மோதும் காஸ்மிக் கதிர்கள் என்னும் நுண்ணிய துகள்களை ஆராய்வதே அவர் பயின்ற துறை. 1961-ஆம் ஆண்டு டிஸ்கவரர் 36 என்னும் செயற்கைக் கோளில் அவர் அமைத்த கருவி மேலே சென்றது. அப்போது அவருக்கு வயது 25. 1964-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவிலுள்ள தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்தார். அதன்பின் இறுதிவரை அக்கழகத்தை அவர் விட்டு நீங்கவில்லை.

சிகாகோவைப்பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. ஸ்டோன் அங்கு மாணவராயிருந்த நாளில் யூஜின் பார்க்கர் என்னும் இளைய ஆசிரியர் ஒருவர், கதிரவனிடமிருந்து ஓயாது ஒரு காற்று நாற்றிசையும் வீசிக்கொண்டிருக்கிறது என்று கணக்கிட்டு ஒரு கட்டுரை வரைந்தார். அதனை மதிப்பிட்ட அறிஞர் இருவரும் தள்ளத்தக்கது என்றனர். அந்த ஆராய்ச்சி இதழுக்கு அப்போது ஆசிரியராயிருந்தவர் யாரெனின், தமிழ்க் குடியிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று, பின்னர் 1983-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்து உடன்பாடன்று. ஆயினும் கணக்கிற் பிழை ஒன்றும் காணப்படாமையின், கட்டுரையை 1958-ஆம் ஆண்டு அச்சிட்டுவிட்டார். சில ஆண்டுகளில் வானக்கலங்கள் அக்காற்றை நேரிலேயே அளந்து கண்டன. தாம் ஒப்பாத கொள்கையையும், பிழை காட்ட இயலாதவழி, அவைக்கு விடுத்த அந்தப் பெருந்தகைமையை யாம் பாராட்டாமல் இருத்தல் இயலாது. கதிரவக்காற்று என்னும் இப்பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது மீண்டும் வரும்.

நிற்க. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்னும் நான்கு பெருங்கோள்களும் ஒரு கலம் ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவிச் செல்லுதற்கேற்ற வரிசையில் அமைவது 176 ஆண்டுகளுக்கு ஒரு முறையே. அங்ஙனம் அமையும் காலம் 1970-க்குப் பின்னுள்ள சில ஆண்டுகள் என்பது கணக்கிற் புலப்பட்டது. ஒரு கோளை நெருங்கும் கலத்தை அதன் ஈர்ப்பே வளைத்து, விசையும் கூட்டி, அடுத்த கோளை நோக்கி எறிந்துவிடும். கவணிற் கல் சுழன்று விடுபடுதல் போன்றது என்று எம் பௌதிக ஆசிரியர் விளக்கினார். இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டு அமெரிக்க நாசா நிலையத்தார் இரண்டு கலங்களைச் சமைத்தனர். வாயேஜர் என்று பெயரிட்டனர். பயணி என்பது பொருள். பணம் ஒதுக்கப்பெற்றது வியாழனுக்கும் சனிக்கும் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 கிலோ எடை உடையது. கணிப்பொறிகளின் நினைவகம் அனைத்தும் சேர்ந்து 70 கிலோபைட் அளவே. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கும் அது போதாது.

1972-ஆம் ஆண்டு இத்திட்டத்தின் அறிவியல் தலைவராக ஸ்டோன் அமர்த்தப்பெற்றார். வயது 36. அப்பதவியை 2022-ஆம் ஆண்டு வரை, ஐம்பது ஆண்டுகள், ஒருவராகவே வகித்தார்.

இனிச் சிறுவன் கேட்ட கேள்விக்கு வருவோம். கலத்தை ஓட்டுவோர் பொறியாளர். அறிவியல் தலைவர் அல்லர். அவர் வேலை வேறு. அக்கலத்தின் ஆராய்ச்சிகள் பதினொரு குழுவினர்க்கு உரியவை. ஒரு குழுவினர் படம் எடுப்போர், ஒரு குழுவினர் காந்தப்புலம் அளப்போர், ஒரு குழுவினர் வெப்பம் காண்போர், இவ்வாறே பிறரும். கோளின் அருகே கலம் இருப்பது சில மணி நேரமே. அந்நேரத்தில் எம் கருவியின் பக்கமே கலத்தைத் திருப்புக என்று ஒவ்வொருவரும் வேண்டுவர். நம் ஊர்களிற் கோடைக்காலத்து முறைத்தண்ணீருக்கு வாய்க்காற்றலைப்பில் நடப்பதை நீங்கள் கண்டிருக்கின்றீர்கள். ஒரு மடை, பதினொரு வயல். ஆயினும் அங்கு இன்று முறை தவறினவர்க்கு அடுத்த கிழமையில் நீர் வரும். இங்கோ, கலம் கோளைக் கடந்துவிட்டால் மீள்வதில்லை; அடுத்த முறை 176 ஆண்டு கழித்து. பல ஆண்டு உழைத்துக் கருவி செய்த ஒருவரை நோக்கி, “உமது நோக்கு இம்முறை இல்லை” என்று சொல்லவேண்டியவர் ஸ்டோன். பதினொரு குழுத்தலைவரும் கூடிய அவையில் அவர் நடுவராக இருந்து, அனைத்தையும் கேட்டு, முடிவு கூறுவார். அப்பதினொன்றுள் காஸ்மிக் கதிர்க் குழு அவருடையதே என்பதையும் மறவற்க. நடுவரே வழக்காளியாகவும் இருந்த இடம் அது. ஐம்பது ஆண்டுகள் அவ்விடத்தில் அவர் நம்பிக்கை இழவாது இருந்தார் என்பதே அவர்தம் பெருமைகளுள் முதலாவது என்று யாம் கருதுகின்றோம்.

அத்தகைய முடிவுகளுள் ஒன்றைக் கூறுவாம். சனிக்கோளுக்கு டைட்டன் என்னும் பெரியதொரு துணைக்கோள் உண்டு. அதற்கு அடர்ந்த காற்றுமண்டலம் இருப்பது முன்னரே தெரியும். முதற் கலம் அதனை அணுகிப் பார்க்கவேண்டுமாயின், அதன் வழி மேல்நோக்கி வளைந்து, மற்றக் கோள்கள் யாவற்றையும் இழக்கும். அது தவறினால், இரண்டாங் கலத்தையே டைட்டனுக்குத் திருப்பி, யுரேனஸையும் நெப்டியூனையும் கைவிடுவது என்று முடிவு செய்திருந்தனர். 1980-ஆம் ஆண்டு நவம்பரில் முதற் கலம் டைட்டனை அடைந்தது. படங்களில் ஆரஞ்சு நிறப் புகைமூட்டமன்றி ஒன்றும் புலப்படவில்லை! ஆயினும் கலத்தின் வானொலி அலைகள் அம்மூட்டத்தினூடே வந்தமையால், அங்குள்ள காற்று பெரும்பாலும் நைட்ரஜன் என்பதும், தரையில் அதன் அழுத்தம் நம் பூமியின் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்பதும் தெரியவந்தன. இரண்டாங் கலம் தன் வழியே செல்ல விடுதலை பெற்றது. அம்மூட்டத்துக்குக் கீழ் என்ன என்னும் வினா 2005-ஆம் ஆண்டு ஜனவரியில், ஹைகன்ஸ் என்னும் வேறொரு கலம் அங்குச் சென்றிறங்கும் வரை காத்திருந்தது.

அதற்கு முன் வியாழனிடத்து நிகழ்ந்ததைக் கூறாது விடுதல் முறையன்று. 1979-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள் முதற் கலம் வியாழனை அணுகிற்று. நான்கு நாட் கழித்து, வழி கணிக்கும் பணியிலிருந்த லிண்டா மொராபிட்டோ என்னும் பெண் பொறியாளர், அயோ என்னும் துணைக்கோளின் படம் ஒன்றை விண்மீன்களின் நிலை அறிதற்பொருட்டு நோக்கினார். அயோவின் விளிம்பிற்கு மேல் குடைபோல் ஒன்று விரிந்திருந்தது. மற்றொரு துணைக்கோள் பின்னிருந்து எட்டிப்பார்க்கிறதோ என்று முதலில் ஐயுற்று, ஒவ்வொன்றாய் நீக்கிப் பார்த்தபின், அஃது எரிமலையின் கக்கல் என்று துணிந்தனர். பூமிக்கு வெளியே எரிகின்ற எரிமலை ஒன்றை மனிதர் கண்டது அதுவே முதன்முறை. நம் சந்திரனைப்போல் குளிர்ந்து இறுகிக் கிடக்கும் என்று பலர் எண்ணியிருந்த இடம் அது. வியாழனின் ஈர்ப்புப் பிசைதலால் அயோ உள்ளே உருகியிருத்தல் வேண்டும் என்று மூன்று அறிஞர் எழுதிய கட்டுரை அவ்வாரந்தான் வெளிவந்திருந்தது என்பது பெருவியப்பு. ஸ்டோன் இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தும் பன்முறை எடுத்துக் கூறினார். பூமியை வைத்தே பிற உலகங்களை அளந்துவிடலாம் என்னும் எண்ணம் அன்று தளர்ந்தது.

இத்தகைய நாட்களில் அவர் கையாண்ட முறை ஒன்று உண்டு. பிற்பகலில் எல்லாக் குழுவினரும் கூடி, அன்று கண்டவற்றைச் சொல்லவேண்டும். இது தெளிந்தது, இஃது இன்னும் ஐயம் என்று பிரித்து, மறுநாட் காலை பத்திரிகைகளுக்கு எவற்றைக் கூறலாம் என்று அவர் தேர்ந்தெடுப்பார். கூறுவோர், பாமரரும் உணரும் உவமைகொண்டு கூறும்படி முன்னரே பழக்குவார். தம் கண்டுபிடிப்பை ஆண்டுக்கணக்காய்ப் பூட்டிவைத்து ஆராய்ச்சி இதழிலே முதலில் வெளியிட விரும்பும் அறிஞரிடையே இது புதுமை. எம் போன்ற ஆசிரியர்க்கு இது மிகவும் உவப்பானது; பாடம் சொல்லத் தெரியாத புலமை கிணற்றிற் பொன் போன்றதே.

இரண்டாங் கலத்தின் பயணம் இடையூறு மிக்கது. 1978-ஆம் ஆண்டிலேயே அதன் முதன்மை வானொலி ஏற்பி பழுதுற்றது. துணை ஏற்பியும் ஊனமுற்றே வேலை செய்தது. சனியைக் கடந்தவுடன் கருவிகளைத் திருப்பும் மேடை சிக்கிக்கொண்டது. பொறியாளர் இங்கிருந்தே எல்லாவற்றுக்கும் வழி கண்டனர். அக்கலம் 1986-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் யுரேனஸையும், 1989-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் நெப்டியூனையும் கண்டது. யுரேனஸின் காந்த அச்சு அதன் சுழலச்சிலிருந்து 59 பாகை சாய்ந்திருந்தது. நெப்டியூனின் துணைக்கோளாகிய டிரைட்டனில், பூச்சியத்துக்குக் கீழ் 235 பாகைக் குளிரிலும் வாயுவும் கரும்புழுதியும் ஊற்றாய்ப் பீறிட்டன. இன்றளவும் அவ்விரு கோள்களையும் அருகிற் சென்று கண்ட கலம் அஃதொன்றே.

இக்கலங்களில் பொன் முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்றும் வைத்துள்ளனர் என்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதனைத் தொகுத்தோர் ஸ்டோன் அல்லர். கார்ல் சேகன் என்பாரின் குழுவினர். அதில் 55 மொழிகளில் வாழ்த்துரை உள்ளது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, மராத்தி உண்டு, சிங்களம் உண்டு. மக்கள் பேசாதொழிந்த சுமேரிய மொழியும் உண்டு. தமிழ் இல்லை! இதனைப் படித்த அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகையன்று. கலத்தைத் திரும்ப அழைக்க வழியும் இல்லை. ஆகலின் இம்முறையீட்டை இவ்வளவில் நிறுத்துகின்றோம்.

1991-ஆம் ஆண்டு முதல் 2001-ஆம் ஆண்டு வரை ஸ்டோன், வாயேஜர்ப் பணியோடு, அக்கலங்களைச் சமைத்த ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம் முழுவதற்கும் இயக்குநராக இருந்தார். 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் செவ்வாயில் சிறு வண்டி ஒன்றை இறக்கி ஓட்டியது அவர் காலத்தே. 1999-ஆம் ஆண்டு செவ்வாய்க்குச் சென்ற இரண்டு கலங்கள் அடுத்தடுத்து அழிந்ததும் அவர் காலத்தே. இதனை யாம் மறைத்துக் கூறோம். அவற்றுள் ஒன்று அழிந்த காரணம் கேட்போர் நகைப்பர்: ஒரு சாரார் ஆங்கில அளவையிலும் மறுசாரார் மெட்ரிக் அளவையிலும் கணக்கிட்டு, எண்களை மட்டும் மாற்றிக்கொண்டனர். முழத்தையும் கெசத்தையும் ஒன்றென்று கொண்டு சீலை வாங்கிய கதை.

இனி, அவர் வாழ்க்கையில் எம் உள்ளத்தை முற்றும் கவர்ந்த பகுதிக்கு வருகின்றோம். கதிரவக்காற்று எல்லையின்றி வீசுவதன்று. மிகத் தொலைவில், விண்மீன்களிடையேயுள்ள பொருளால் அது தடுக்கப்பட்டு நிற்கும். அவ்வெல்லையைக் கடந்தால் விண்மீனிடைவெளி. அது எங்கே என்று எவரும் அறியார். கலம் தாண்டும்போதுதான் தெரியும். கோட்பணி முடிந்த பின்னும் இரண்டு கலங்களையும் இருபதாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது இதன்பொருட்டே.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், கதிரவனிலிருந்து ஏறத்தாழ 1,820 கோடி கிலோமீட்டர் தொலைவில், முதற் கலத்தின் கருவிகளில் ஒரு மாற்றம் தோன்றியது. கதிரவ மண்டலத்துத் துகள்கள் திடீரென்று அற்றுப்போயின. வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மிகுந்தன. இதனைக் காட்டிய கருவிகளுள் ஒன்று ஸ்டோனுடையது. அவர்க்கு அப்போது வயது 76. வாழ்நாள் முழுதும் தேடிய எல்லையைத் தம் கருவியே கடந்துவிட்டதாகச் சொல்லுகின்றது. உலகமெல்லாம் செய்தியாளர் வாயிலில் நிற்கின்றனர். வேறொருவராயின் அன்றே முரசறைந்திருப்பர்.

அவர் அறையவில்லை. எல்லையைக் கடந்தால் காந்தப்புலத்தின் திசையும் மாறவேண்டும் என்பது அறிஞர் எதிர்பார்த்தது. அது மாறவில்லை. பிளாஸ்மா என்னும் மின்னேற்ற வாயுவின் அடர்த்தியை நேரே அளந்தால் ஐயம் தீரும். ஆனால் முதற் கலத்தில் அதற்குரிய கருவி 1980-ஆம் ஆண்டிலேயே செயலற்றுவிட்டது. 2013-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வேறு அறிஞரின் கட்டுரை ஒன்றைத் தொட்டு, கலம் கதிரவ மண்டலத்தை விட்டு நீங்கியது என்று செய்தி பரவியது. அன்றே ஸ்டோன், தம் குழுவினர் அங்ஙனம் முடிவு செய்யவில்லை என்று அறிவித்தார்.

பழஞ்சுவடிகளைப் பதிப்பிக்கும் புலவரை யாம் அறிவோம். ஏடு முரிந்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியர் புள்ளியிட்டு விடுவர். யாப்புக்குப் பொருந்திய சொல் தம் நாவிலேயே நின்றாலும் அதனைப் பெய்து நிரப்பார். பிறிதோர் ஏடு அகப்படும் வரை அப்புள்ளிகள் கிடக்கும். வாசிப்பவர்க்கு அது குறையாகத் தோன்றும். ஸ்டோன் ஓராண்டு விட்டுவைத்தது அத்தகைய புள்ளிகளே.

பிறிதோர் ஏடு கதிரவனிடமிருந்தே வந்தது. 2012-ஆம் ஆண்டு மார்ச்சில் கதிரவனில் நிகழ்ந்த பெருவெடிப்பின் அலை, பதின்மூன்று திங்கள் கழித்துக் கலத்தின் இடத்தை அடைந்து, அங்குள்ள பிளாஸ்மாவை யாழ்நரம்புபோல் அதிரச் செய்தது. அயோவாப் பல்கலைக்கழகத்து டொனால்டு கர்னெட் என்பாரின் கருவி அவ்வதிர்வைக் கேட்டது. அதிர்வின் சுருதியிலிருந்து அடர்த்தியைக் கணிக்கலாம். கணித்தபோது, கதிரவ மண்டலத்துள் இருந்ததைப்போல் 40 மடங்கு என்று வந்தது. பழைய பதிவுகளைப் புரட்டியதில் முந்திய ஆண்டின் இறுதியிலும் மெல்லிய அதிர்வொன்று இருந்தது. இரண்டையும் இணைத்துப் பின்னோக்கிக் கணக்கிட, அதே ஆகஸ்டுத் திங்கள் வந்து நின்றது. 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், கலம் எல்லை கடந்தது என்று ஸ்டோன் உலகுக்கு உரைத்தார். தம் கருவி முன்னரே காட்டியது உண்மையாயிற்று. ஆயினும் அதனை நிறுவிய புகழ் மற்றொருவர் கருவிக்குச் சென்றது. காந்தப்புலம் மட்டும் ஏன் திரும்பவில்லை என்னும் வினா அப்போதும் நின்றது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இரண்டாங் கலமும் எல்லை கடந்தபோது, அங்கும் அது பெரிதாகத் திரும்பவில்லை.

தம்பி, உன் கேள்விக்கு எம்மால் இயன்ற விடை இது. ஆளில்லாக் கலத்தின் தலைவர், கலம் சொல்லாததைச் சொல்லாமல் இருப்பவர். பிறரையும் சொல்லவிடாமல் காப்பவர். உன் தந்தையார் இசைந்தால், இதனை எவ்வாறு செய்தனர் என்பதை எம் பௌதிக ஆசிரியரிடமே நீ நேரிற் கேட்கலாம். ஞாயிறுதோறும் மாலையில் அவர் வீட்டில் இருப்பார்.

ஸ்டோன் 2022-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். லிண்டா ஸ்பில்கர் என்னும் அம்மையார் அவ்விடத்துக்கு வந்தார். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் முதற் கலம், நினைவகத்தில் ஒரு சில்லு பழுதுற்று, பொருளற்ற ஒலிகளை அனுப்பத் தொடங்கியது. பொறியாளர் ஐந்து திங்கள் முயன்று, 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனை மீண்டும் பேசவைத்தனர். அவ்வாண்டு ஜூன் 9-ஆம் நாள் ஸ்டோன் தம் 88-ஆம் வயதிற் காலமானார். கலங்களின் மின்னாற்றல் ஆண்டுக்கு 4 வாட் அளவு குறைந்துகொண்டே வருவது. ஆகலின் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள், முதற் கலத்திலிருந்த அவருடைய காஸ்மிக் கதிர்க் கருவியை நிறுத்தும்படி பூமியிலிருந்து ஆணை சென்றது. ஒளியின் வேகத்தில் விரைந்த அவ்வாணை அங்குச் சென்று சேர 23 மணி நேரம் ஆயிற்று.